ஒரே முகவரிப் புத்தகம், இரண்டு கிடங்குகள்: ஹைப்ரிட் எக்ஸ்சேஞ்சில் மெயில் தேடுவது

இப்படி ஒரு நிலைமையை வைத்துக்கொள்வோம். ஒரு நிறுவனத்துக்குத் தணிக்கையாளர் வருகிறார். குறிப்பிட்ட ஓர் ஒப்பந்ததாரருடன் கடந்த இரண்டு வருடங்களில் நடந்த மெயில் போக்குவரத்து முழுவதும் வேண்டும் என்கிறார். அட்மின் மைக்ரோசாஃப்ட் 365-இன் தேடல் பக்கத்தைத் திறக்கிறார். எல்லா மெயில்பாக்ஸ்களிலும் தேடு என்று குறித்துவிட்டு, ஒப்பந்ததாரரின் முகவரியைப் போடுகிறார். 214 மெயில்கள் கிடைக்கின்றன. எடுத்துக் கொடுத்தாகிவிட்டது. அடுத்த வாரம் கொள்முதல் பிரிவில் இருப்பவர் தன் அவுட்லுக்கைத் திறந்து, அதே ஒப்பந்ததாரர் விலையைத் திருத்தி அனுப்பிய ஒரு மெயிலைக் காட்டுகிறார். அது அந்த 214-இல் இல்லை.

யாரும் எதையும் மறைக்கவில்லை. தேடலும் பழுதாகவில்லை. கொள்முதல் பிரிவின் மெயில்பாக்ஸ்கள் இன்னும் அலுவலகத்து சர்வரிலேயே இருக்கின்றன; தேடியது மைக்ரோசாஃப்டின் டேட்டா சென்டரில், அதாவது கிளவுடில். ‘எல்லா மெயில்பாக்ஸ்களும்’ என்று அந்தப் பக்கம் சொன்னது, கிளவுடில் இருக்கிற எல்லாவற்றையும் மட்டும்தான்.

இப்படிச் சில மெயில்பாக்ஸ்களை அலுவலக சர்வரிலும் சிலவற்றைக் கிளவுடிலும் வைத்து நடத்தும் ஹைப்ரிட் அமைப்புக்குப் புதிதாக வருகிறவர்கள் முதலில் புரிந்துகொள்ள வேண்டியது இந்த ஒரு விஷயம்தான் என்று நினைக்கிறேன். எந்தச் சொல்லைப் போட்டுத் தேடுவது என்பது அப்புறம். யாருடைய மெயில்பாக்ஸ் எங்கே குடியிருக்கிறது என்பதுதான் முதல் கேள்வி.

இரண்டு வீடு, ஒரே வாசல்

எக்ஸ்சேஞ்ச் என்பது மைக்ரோசாஃப்டின் மெயில் சர்வர். நிறுவனங்கள் பல வருடங்களாக இதைத் தங்கள் கட்டடத்திலேயே, சொந்த சர்வர் அறையில் வைத்து நடத்தின. ஆன்-பிரெம் என்று அட்மின்கள் சொல்வது இதைத்தான். 2011-இல் ஆஃபீஸ் 365 (மைக்ரோசாஃப்ட் 365-இன் முந்தைய பெயர்) வந்தது. அதே எக்ஸ்சேஞ்சை மைக்ரோசாஃப்ட் தன் டேட்டா சென்டரில் நடத்தித் தந்தது. அதன் பெயர் எக்ஸ்சேஞ்ச் ஆன்லைன். ஆயிரக்கணக்கான மெயில்பாக்ஸ்களை ஒரே ராத்திரியில் அங்கே மாற்ற முடியாது. சில பிரிவுகளை மாற்றவே கூடாது என்று நிர்வாகம் முடிவெடுத்திருக்கும். அதனால் இரண்டையும் இணைத்து, பாதிப் பேர் இங்கே, பாதிப் பேர் அங்கே என்று வைத்துக்கொள்கிறார்கள். இதுதான் ஹைப்ரிட். இடைக்கால ஏற்பாடு என்று தொடங்கி, பல இடங்களில் நிரந்தரமாகிவிட்டது.

இணைப்பு நன்றாகவே வேலை செய்கிறது. எல்லோருக்கும் முகவரி ஒரே டொமைனில் இருக்கும். முகவரிப் புத்தகத்தில் இரு பக்கத்தாரும் வரிசையாகத் தெரிவார்கள். இங்கே இருப்பவர், அங்கே இருப்பவரின் காலண்டரில் எந்த நேரம் காலி என்று பார்க்கலாம். இதற்காக இரு பக்கமும் மற்றவருக்காக ஒரு பெயர்ப்பலகையை வைத்திருக்கின்றன. கிளவுடுக்குப் போன ஒருவருக்கு உள்ளூர் ஆக்டிவ் டைரக்டரியில் (நிறுவனத்தின் பயனர் கணக்குப் பட்டியல்) ‘ரிமோட் மெயில்பாக்ஸ்’ என்று ஒரு பதிவு இருக்கும். இங்கேயே இருப்பவருக்குக் கிளவுடில் ‘மெயில் யூசர்’ என்று ஒரு பதிவு இருக்கும். இந்தப் பதிவுகளை என்ட்ரா கனெக்ட் என்கிற ஒத்திசைவு மென்பொருள் இரு பக்கமும் சமமாக வைத்துக்கொள்கிறது.

பெயர்ப்பலகையில் கடிதம் எதுவும் இருக்காது. ‘இவர் அந்தத் தெருவுக்குக் குடிபோய்விட்டார், வருகிற தபாலை அங்கே அனுப்புங்கள்’ என்கிற தகவல் மட்டும்தான் இருக்கும். ஊழியர்களுக்கு எல்லாம் ஒன்றாகத் தெரிய வேண்டும் என்பதற்காகவே இவ்வளவு ஏற்பாடும். தேடுகிறவரை ஏமாற்றுவதும் அதுதான். பெயர் தெரிகிறது, முகவரி தெரிகிறது, எனவே மெயிலும் உள்ளே இருக்கும் என்று நம்பிவிடுகிறோம்.

தேடல் எதைப் பார்க்கிறது

தேடும்போது கணினி ஒவ்வொரு மெயிலையும் திறந்து படிப்பதில்லை. மெயில் வந்து சேரும்போதே அதிலுள்ள சொற்களைப் பிரித்து ஓர் அட்டவணையில் எழுதிவைக்கிறது. பாடப்புத்தகத்தின் கடைசிப் பக்கங்களில் இருக்கும் சொல்லடைவு மாதிரி. இதை இன்டெக்ஸ் என்கிறார்கள். தேடல் என்பது இந்த இன்டெக்ஸைப் புரட்டுவது.

எக்ஸ்சேஞ்ச் 2013, 2016 பதிப்புகளில் ஒவ்வொரு மெயில்பாக்ஸ் டேட்டாபேஸுக்கும் தனி இன்டெக்ஸ் இருந்தது. 2019 பதிப்பில் அந்த இன்டெக்ஸ் மெயில்பாக்ஸுக்குள்ளேயே போய்விட்டது. கிளவுடுக்கு அதன் சொந்த இன்டெக்ஸ். ஹைப்ரிடில் முகவரிப் புத்தகம் பொதுவாக இருக்கிறது. காலண்டர் பொதுவாகத் தெரிகிறது. இன்டெக்ஸ் மட்டும் பொதுவாக இல்லை. இரண்டு கிடங்குகளுக்கும் சேர்த்து எழுதிய ஒரே சொல்லடைவு எங்கேயும் கிடையாது. எனவே இரு பக்கமும் சேர்த்துத் தேடுவதாக எந்தக் கருவி சொன்னாலும், உள்ளே அது இரண்டு தேடல்களை நடத்தி, விடைகளைச் சேர்த்துக் காட்டுகிறது என்றுதான் அர்த்தம்.

எக்ஸ்சேஞ்ச் 2013 காலத்தில் அப்படிச் சேர்த்துத் தேட ஒரு வழி தரப்பட்டது. சொந்த சர்வரில் ‘இன்-பிளேஸ் இடிஸ்கவரி’ என்கிற, விசாரணைக்கு ஆதாரம் திரட்டும் தேடலைத் தொடங்கினால், அதுவே கிளவுடுக்கும் போய்க் கேட்டுவரும். சர்வர் கிளவுடின் கதவைத் தட்டும்போது, தான் யார் என்று காட்ட ஓர் அனுமதிச் சீட்டு வேண்டும். ஓஆத் என்கிற முறை அந்தச் சீட்டைத் தருகிறது. ஓஆத் சரியாக அமையவில்லை என்றால் இரு பக்கத் தேடல் நடக்காது. காலண்டர் பகிர்வு நன்றாக நடக்கிறது, தேடல் மட்டும் ஏன் தோற்கிறது என்று அந்தக் காலத்தில் குழம்பிய அட்மின்கள் நிறைய. காலண்டர் பகிர்வு ஃபெடரேஷன் என்கிற வேறு பாதையிலும் போக முடியும் என்பதுதான் அதற்குக் காரணம்.

பிறகு நிலைமை மாறியது. 2020 ஜூலை முதல் எக்ஸ்சேஞ்ச் ஆன்லைனில் பழைய இன்-பிளேஸ் இடிஸ்கவரி தேடல்களைப் புதிதாக உருவாக்க முடியாமல் போனது. கிளவுடில் தேடும் வேலை கம்ப்ளையன்ஸ் சென்டருக்குப் போனது. 2022-இல் அதற்கு மைக்ரோசாஃப்ட் பர்வியூ என்று பெயர் வந்தது. பர்வியூவால் உங்கள் அலுவலக சர்வரில் இருக்கும் மெயில்பாக்ஸுக்குள் பார்க்க முடியாது. அத்துடன், கிளவுடின் எக்ஸ்சேஞ்ச் வெப் சர்வீசஸ் என்கிற பழைய வழியை 2026 அக்டோபரிலிருந்து அடைக்கத் தொடங்குவதாகவும் மைக்ரோசாஃப்ட் அறிவித்திருக்கிறது. சர்வரிலிருந்து கிளவுடுக்குப் போய்க் கேட்கும் தேடல் நம்பியிருந்ததே அந்த வழியைத்தான்.

ஆகவே இன்றைக்கு என் பரிந்துரை ஒன்றுதான்: ஒரே தேடலில் எல்லாம் முடியும் என்ற எதிர்பார்ப்பை விட்டுவிடுங்கள். சர்வரில் ஒன்று, பர்வியூவில் ஒன்று என இரண்டு தேடல்களாகத் திட்டமிடுங்கள். அலுப்பாக இருக்கும். ஆனால் எந்தப் பக்கம் எத்தனை கிடைத்தது என்று உங்களுக்குத் தெளிவாகத் தெரியும்.

அனுமதியும் இரண்டு வாங்க வேண்டும். சர்வர் பக்கம் ‘டிஸ்கவரி மேனேஜ்மென்ட்’ என்கிற குழுவில் உங்கள் பெயர் இருக்க வேண்டும். எக்ஸ்சேஞ்சை நிறுவியதும் அந்தக் குழு காலியாகத்தான் இருக்கும். தலைமை அட்மின்கூட அதில் இருக்கமாட்டார். இது நல்ல ஏற்பாடு. சர்வரை நடத்துகிறவர் என்பதாலேயே ஊழியர்களின் கடிதங்களைப் படிக்கும் உரிமை அவருக்கு வந்துவிடக் கூடாது. கிளவுடில் பர்வியூவின் ‘இடிஸ்கவரி மேனேஜர்’ குழுவில் தனியாகச் சேர வேண்டும்.

ஆளுக்கு ஒரு மெயில்பாக்ஸ் என்று நினைக்காதீர்கள்

தேடலைத் தொடங்குவதற்கு முன் ஒரு தாளை எடுத்து, விசாரணைக்கு உட்பட்டவர்களின் பெயர்களை எழுதுங்கள். பத்துப் பேர் என்றால் பத்து வரி. ஒவ்வொருவரின் மெயில்பாக்ஸும் எங்கே இருக்கிறது என்று எதிரே குறியுங்கள். கண்டுபிடிப்பது எளிது. கட்டளைகளைத் தட்டி சர்வரை நடத்தும் எக்ஸ்சேஞ்ச் பவர்ஷெல்லில் ‘கெட்-மெயில்பாக்ஸ்’ கட்டளை கொடுத்தால் சர்வரில் உள்ளவர்கள் வருவார்கள். ‘கெட்-ரிமோட்மெயில்பாக்ஸ்’ கொடுத்தால் கிளவுடுக்குப் போனவர்கள் வருவார்கள். கட்டளை பழக்கமில்லை என்றால், சர்வரின் அட்மின் பக்கத்திலேயே மெயில்பாக்ஸ் வகை என்ற நெடுவரிசையைப் பாருங்கள். கிளவுடுக்குப் போனவர்களுக்கு ‘ஆஃபீஸ் 365’ என்று போட்டிருக்கும்.

இதோடு நின்றுவிட்டால் பாதி வேலைதான் முடிந்திருக்கும். ஒருவருடைய கடிதங்கள் ஒன்றுக்கு மேற்பட்ட இடங்களில் இருக்கக்கூடும்.

முதலில் ஆர்க்கைவ். பழைய மெயில்களை ஒதுக்கிவைக்க ஊழியருக்கு இரண்டாவதாக ஒரு மெயில்பாக்ஸ் தருவது உண்டு. ஹைப்ரிடில் முதன்மை மெயில்பாக்ஸ் சர்வரிலும், அதே ஆளின் ஆர்க்கைவ் கிளவுடிலும் இருக்கலாம். சர்வர் அறையில் டிஸ்க் இடத்தை மிச்சப்படுத்த நிறுவனங்கள் விரும்பிச் செய்கிற ஏற்பாடு இது. விளைவு என்ன? இந்த வருடத்து மெயில் அலுவலகத்தில், மூன்று வருடங்களுக்கு முந்தைய மெயில் கிளவுடில். ஆள் ஒருவர்தான், ஆனால் அவருக்காக இரண்டு பக்கமும் தேட வேண்டும். ‘இவர் சர்வரில்தானே இருக்கிறார்’ என்று ஒரு பக்கம் மட்டும் தேடினால், கேட்ட காலத்துக்குரிய மெயில்கள்தான் சரியாக விடுபட்டுப் போகும். இதற்கு நேரெதிரான அமைப்பை, அதாவது முதன்மை கிளவுடிலும் ஆர்க்கைவ் சர்வரிலும் இருப்பதை, மைக்ரோசாஃப்ட் ஆதரிப்பதில்லை. அந்தக் கவலை வேண்டாம்.

அடுத்தது மைக்ரோசாஃப்டின் அரட்டைச் செயலியான டீம்ஸ். மெயில்பாக்ஸ் சர்வரில் இருக்கும் ஊழியரும் டீம்ஸில் பேசுவார். அந்த உரையாடல்களின் நகல் அவருக்காகக் கிளவுடில் ஒதுக்கப்பட்ட ஒரு மறைவான சேமிப்பிடத்தில் விழும். அவருக்கே அது தெரியாது. சர்வரில் எவ்வளவு தேடினாலும் அது கிடைக்காது, பர்வியூவில்தான் கிடைக்கும். மெயிலில் தொடங்கி டீம்ஸில் முடிந்த பேச்சுகள் எத்தனை என்று யோசித்துப் பாருங்கள்.

பப்ளிக் ஃபோல்டர், அதாவது பலர் பகிர்ந்து பார்க்கும் பொது மெயில் அடுக்கு, பயன்படுத்தும் இடமென்றால் அதையும் சேருங்கள். ஹைப்ரிடில் அது இரண்டில் ஒரு பக்கம் மட்டும்தான் இருக்கும். ஊழியர்கள் எங்கே இருக்கிறார்கள் என்பதற்கும் அதற்கும் சம்பந்தமில்லை. பொது மெயில்பாக்ஸ்களும் அப்படித்தான். ‘விற்பனை’, ‘கணக்கு’ என்று பெயர் வைத்துப் பலர் சேர்ந்து பார்க்கும் பெட்டிகள் இவை. இதற்கு உரிமையாளர் என்று தனி ஆள் இல்லாததால் பெயர்ப் பட்டியலில் வராது. நான் பார்த்தவரை, தேடலில் அதிகம் மறக்கப்படுவது இதுதான்.

ஒருவர் இங்கிருந்து அங்கே மாறிய தேதியையும் தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள். மெயில்பாக்ஸை மாற்றும்போது உள்ளே இருப்பதெல்லாம் சேர்ந்தே போகும். நீக்கப்பட்டு மீட்கக்கூடிய நிலையில் இருப்பவையும் போகும். பழைய பிரதி சர்வரில் சில நாட்கள் கண்ணுக்குத் தெரியாமல் கிடந்து, பிறகு அழியும். மாற்றம் நடந்துகொண்டிருக்கும் நாளில் தேடலை ஓட்டினால் குழப்பமே மிஞ்சும். மாற்றத்தை நிறுத்திவையுங்கள், அல்லது அது முடிந்ததும் தேடுங்கள்.

வேலையை விட்டுப் போனவர்கள் தனிக் கதை. சர்வரில் ஒருவரின் கணக்கை நீக்கினால், அவருடைய மெயில்பாக்ஸ் வழக்கமான அமைப்பில் 30 நாட்கள் வரை துண்டிக்கப்பட்ட நிலையில் இருக்கும். அப்புறம் இல்லை. கிளவுடில் ஹோல்டு, அதாவது எதுவும் அழியாமல் தடுக்கும் பூட்டு, போட்ட பிறகு நீக்கினால், அது ‘இனாக்டிவ் மெயில்பாக்ஸ்’ ஆகி, ஹோல்டு இருக்கும் வரை தேடலுக்குக் கிடைக்கும். எனவே விவகாரம் வருகிறது என்று தெரிந்த அன்றே, தேடுவதற்கும் முன்னால், இரண்டு பக்கமும் ஹோல்டு போடுங்கள். நீக்கிய மெயில்கள் மீட்கக்கூடிய நிலையில் இருப்பது, யாரும் மாற்றாத வரை இரு பக்கமும் 14 நாட்கள்தான். ஹோல்டு இல்லாமல் கழியும் ஒவ்வொரு நாளும் ஏதோ ஒன்று நிரந்தரமாகப் போகிறது.

இதை இவ்வளவு அழுத்திச் சொல்லக் காரணம் உண்டு. ஊழியர் ஒருவர் தன் நிறுவனத்தின் மீது தொடுத்து நியூயார்க்கில் நடந்த சுபுலேக் எதிர் யுபிஎஸ் வார்பர்க் வழக்கில், நிறுவனத்தின் மெயில்கள் சில சர்வரில், சில பேக்கப் டேப்பில், சில அழிந்தும் போயிருந்தன. அழிந்தவை நிறுவனத்துக்குப் பாதகமானவை என்று கருதிக்கொள்ளலாம் என்று நீதிபதி ஷிரா ஷெயின்ட்லின் ஜூரிக்கு வழிகாட்டினார். 2005-இல் ஜூரி சுமார் 2.9 கோடி டாலர் இழப்பீடு விதித்தது. அந்த வழக்கின் காலத்தில் ஹைப்ரிட் என்ற சொல்லே மெயிலுக்கு வரவில்லை. மெயில் பல இடங்களில் சிதறிக் கிடந்தது என்ற பிரச்சினை மட்டும் அப்போதே இருந்தது.

சொல்லைத் தேர்ந்தெடுப்பது

இரு பக்கமும் கேக்யூஎல் என்கிற ஒரே வினா மொழியைத்தான் பயன்படுத்துகின்றன. அனுப்பியவர், பெறுநர், தலைப்பு, தேதி, இணைப்பு உண்டா என்று தனித்தனியாகக் கேட்கலாம். ஒரு பக்கம் எழுதிய வினாவை அப்படியே மறுபக்கம் ஒட்டிப் பயன்படுத்துங்கள். கையால் மறுபடி தட்டாதீர்கள். ஓர் எழுத்து மாறினாலும் இரண்டு விடைகளையும் ஒப்பிட முடியாது.

தமிழில் எழுதப்பட்ட மெயில்களைத் தேடுகிறவர்களுக்கு ஒரு கூடுதல் கவனம். தமிழ்ச் சொல் வேற்றுமை உருபு சேரும்போது உருமாறும். ‘கடிதம்’ என்று தேடினால் ‘கடிதத்தை’, ‘கடிதத்தில்’ என்று எழுதியவை தப்பிவிடக்கூடும். சொல்லின் மாறாத முற்பகுதியை எழுதி, இறுதியில் நட்சத்திரக் குறி போடுங்கள்: ‘கடித*’. அந்தக் குறி சொல்லின் முடிவில்தான் வேலை செய்யும். முன்னால் போட்டுப் பயனில்லை. ஊழியர்களில் பலர் தமிழை ஆங்கில எழுத்தில் தட்டுவார்கள் என்பதால் அந்த வடிவங்களையும் சேர்க்க வேண்டும், அதிலும் ஒரே சொல்லை மூன்று விதமாக எழுதியிருப்பார்கள். யூனிகோடுக்கு முந்தைய எழுத்துருக்களில், உதாரணமாக பாமினியில், தட்டிய பழைய கோப்புகள் இணைப்பாக இருந்தால் யூனிகோட் தமிழில் எவ்வளவு தேடினாலும் வராது. கணினிக்கு அவை வெறும் ஆங்கில எழுத்துகள்.

தேதியில் ஒரு நுணுக்கம். மெயிலின் நேரம் உள்ளே யுடிசி என்கிற உலகப் பொது நேரக் கணக்கில் சேமிக்கப்படுகிறது. இந்தியாவில் ஏப்ரல் 1 காலை 4 மணிக்கு வந்த மெயில், யுடிசி-யில் மார்ச் 31 இரவு 10.30. நிதியாண்டுக் கணக்கில் இது ஒரு வருடத்தையே மாற்றிவிடும். கேட்ட தேதிக்கு முன்னும் பின்னும் ஒரு நாள் கூட்டித் தேடி, அதிகமாக வந்ததைப் பிறகு கழித்துக்கொள்ளுங்கள்.

இன்டெக்ஸில் ஏறாத மெயில்களும் உண்டு. கடவுச்சொல் போட்ட எக்செல், வேறு வகையில் பூட்டப்பட்ட இணைப்பு ஆகியவற்றின் உள்ளே இருப்பதைக் கணினியால் படிக்க முடியாது. தேடல் முடிவில் ‘பகுதியளவு இன்டெக்ஸ் செய்யப்பட்டவை’ என்ற எண்ணிக்கை தனியாக வரும். பலர் அதைப் பார்ப்பதே இல்லை. அந்த வரியைத் திறந்து பாருங்கள். ஒரு விவகாரத்தில் யாராவது கவனமாகப் பூட்டிவைத்த கோப்பு, சில சமயம் தேடிக்கொண்டிருந்த அதே கோப்பாக இருக்கும்.

இரண்டு விடைகளைச் சேர்ப்பது

சர்வர் தேடலின் விடைகளை ‘டிஸ்கவரி மெயில்பாக்ஸ்’ என்ற தனிப் பெட்டியில் நகலெடுத்து, அங்கிருந்து பிஎஸ்டி கோப்பாக (அவுட்லுக் திறக்கும் மெயில் தொகுப்பு) எடுக்கலாம். பர்வியூவும் பிஎஸ்டி தரும். இப்போது கையில் இரண்டு குவியல். சர்வரில் இருப்பவர் கிளவுடில் இருப்பவருக்கு ஒரு மெயில் அனுப்பியிருந்தால், அனுப்பியவரின் பெட்டியில் ஒன்று, பெற்றவரின் பெட்டியில் ஒன்று என அது இரு குவியலிலும் இருக்கும். ஒரு கருவி தன் குவியலுக்குள் உள்ள இரட்டைகளை நீக்கித் தரலாம். குவியல்களுக்கு இடையே உள்ளதை நீங்கள்தான் நீக்க வேண்டும். ஒவ்வொரு மெயிலின் தலைப்புப் பகுதியிலும் ‘மெசேஜ்-ஐடி’ என்று ஓர் அடையாளம் இருக்கும். நகல் எங்கே இருந்தாலும் அது மாறாது. அதை வைத்து ஒப்பிடலாம். நீக்குவதற்கு முன் மூலக் கோப்புகளை அப்படியே ஒரு பக்கம் வைத்துவிடுங்கள். யார் பெட்டியில் எது இருந்தது என்பதே பின்னால் கேள்வியாக வரலாம். அனுப்பியவரிடம் இல்லாமல் பெற்றவரிடம் மட்டும் இருக்கும் மெயில், யாரோ அதை நீக்கியிருக்கிறார்கள் என்பதைக் காட்டக்கூடும்.

இந்திய நீதிமன்றத்துக்குப் போகும் விஷயமென்றால், 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கும் பாரதிய சாக்ஷ்ய அதிநியமின் 63-ஆம் பிரிவின்படி சான்றிதழ் இணைக்க வேண்டும். அந்தச் சான்றிதழில் கோப்பின் ஹாஷ் மதிப்பையும் எழுத வேண்டும். அதாவது, கோப்பு பின்னால் மாறவில்லை என்று காட்டும் கணக்கிட்ட எண். இரண்டு பிஎஸ்டி-களுக்கும் எடுத்தவுடனேயே, யாரும் திறப்பதற்கு முன், ஹாஷைக் கணக்கிட்டுக் குறித்துவிடுங்கள். அவுட்லுக்கில் ஒருமுறை திறந்தாலே பிஎஸ்டி கோப்பு மாறிவிடக்கூடும்.

கொடுக்கும் கோப்புகளோடு ஒரு பக்கக் குறிப்பும் வையுங்கள். எந்தெந்த ஆட்கள், அவர்களுடைய முதன்மை எங்கே, ஆர்க்கைவ் எங்கே, எந்த வினா, எந்தத் தேதியில் எந்த நேரத்தில் ஓடியது, சர்வரில் எத்தனை, கிளவுடில் எத்தனை, இன்டெக்ஸ் ஆகாதவை எத்தனை. தேட முடியாமல் போன இடம் ஏதாவது இருந்தால் அதையும் எழுதுங்கள். முதலில் சொன்ன தணிக்கையாளரிடம் ‘214 மெயில்கள், கிளவுட் மெயில்பாக்ஸ்களில் மட்டும், கொள்முதல் பிரிவு சர்வரில் இருக்கிறது, அங்கே இன்னும் தேடவில்லை’ என்று ஒரு வரி போயிருந்தால், அடுத்த கேள்வியை அவரே அன்றைக்கே கேட்டிருப்பார்.